மறு: சீரியலைசேஷனுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

நினைவகத்தில் உள்ள ஒரு பொருளை (ஆப்ஜெக்ட்) சேமிக்கவோ வேறு கணினிக்கு அனுப்பவோ ஏற்றபடி பைட்டுகளாக மாற்றுவதுதான் சீரியலைசேஷன். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் 'வரிசையாக்கம்' என்ற பரிந்துரைக்கே ஆதரவு கூடுதலாகத் தெரிகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் வந்தது முதலில் போகும்படி காத்திருக்கும் க்யூவை ஏற்கெனவே வரிசை என்கிறோம். ஏறுமுகமாகவோ இறங்குமுகமாகவோ அடுக்கும் சார்ட்டிங்கை வரிசைப்படுத்தல் என்கிறோம். 'வரிசையாக்கிய பொருளை வரிசையில் இடுக' என்று ஒரு கையேட்டில் எழுதினால் புதிதாகப் படிக்க வருபவர் திணறிவிடுவார்.

நான் முன்வைப்பது 'தொடராக்கம்'. நினைவகத்தில் ஒரு பொருள் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. கொள்முதல் ஆணை வாடிக்கையாளரைச் சுட்டும். வாடிக்கையாளர் முகவரியைச் சுட்டும். இந்தச் சுட்டிகளுக்கு அடுத்த கணினியில் அர்த்தம் கிடையாது. அதனால் ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்து போய், உள்ளிருப்பதையெல்லாம் அறுபடாத ஒரே பைட்டுத் தொடராக எழுதுகிறோம். சொற்கள் சேர்ந்து சொற்றொடர் ஆவதைப் போலத்தான். மறுமுனையில் பொருளைத் திரும்பக் கட்டுவதை (டிசீரியலைசேஷன்) 'மீட்டுருவாக்கம்' எனலாம்.

'சரமாக்கம்' அழகான சொல்தான். ஆனால் எழுத்துகளின் கோவையான ஸ்டிரிங்கைச் சரம் என்கிறோமே! மைக்ரோசாஃப்டின் டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கில் எழுதிய நிரல், செய்திகளை வரிசையில் வைத்துப் பிற நிரல்களுக்குச் சேர்ப்பிக்கும் எம்எஸ்எம்க்யூவுக்கு ஒரு பொருளை அனுப்பும்போது இயல்பாக, எழுத்துகளால் ஆன எக்ஸ்எம்எல் வடிவம் வரும். வேண்டுமென்றால் படிக்கும் எழுத்தாக இல்லாத பைனரி வடிவத்தையும் தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் ஒரே செயல். பைனரியில் வருவது சரம் அல்ல.

ஒரு கலைச்சொல் தேறுமா என்பது பத்தியில் ஓடவிட்டால்தான் தெரியும். இதைப் படித்துப் பாருங்கள்:

"எம்எஸ்எம்க்யூவில் ஒரு செய்தி 4 மெகாபைட்டைத் தாண்டக் கூடாது. எக்ஸ்எம்எல் தொடராக்கத்தில் ஒவ்வொரு புலத்தின் (ஃபீல்ட்) பெயரும் திறக்கும் ஒட்டில் (டேக்) ஒருமுறை, மூடும் ஒட்டில் ஒருமுறை வரும். ஆயிரம் உருப்படிகள் இருந்தால் அத்தனைக்கும் இதே கதை. இப்படித் திரும்பத் திரும்ப வருவதால்தான் ஜிஸிப் என்ற சுருக்கும் முறை அதை நன்றாகச் சுருக்குகிறது. சுருக்கியதைப் பைட்டுகளாகவே செய்தியின் உடலில் எழுதுங்கள். பைட்டுகளை எழுத்துகளாக எழுதும் பேஸ்64 ஆக மாற்றினால் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். மிகச் சிறிய செய்திகளைச் சுருக்க வேண்டாம், ஜிஸிப் சேர்க்கும் தலைப்புத் தகவலே அளவைக் கூட்டிவிடலாம். தொடராக்கியை (சீரியலைசர்) ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்துங்கள். டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கின் எக்ஸ்எம்எல் தொடராக்கியில் சில கன்ஸ்ட்ரக்டர்கள் (பொருளை உருவாக்கும் செயற்கூறுகள்) அழைக்கும்போதெல்லாம் புது அசெம்பிளியை (தொகுத்த நிரல் துண்டு) உண்டாக்கும். அந்த அசெம்பிளிகள் நிரல் முடியும்வரை நினைவகத்தை விட்டு இறங்காது. படம், பிடிஎஃப் போன்ற பெரிய கோப்புகளைத் தொடராக்கவே வேண்டாம். வேறிடத்தில் சேமித்து, அடையாள எண்ணை மட்டும் வரிசையில் அனுப்புங்கள்."

எங்கும் தடுக்கவில்லை என்றே நினைக்கிறேன். தொடராக்கு, தொடராக்கி, தொடராக்கிய, தொடராக்கவியலாத என்று வினையும் பெயரும் எச்சமும் தாமாகக் கிளைக்கின்றன. கலைச்சொல்லுக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான். வினையாக வளையாத சொல்லை நிரல் எழுதுபவர் யாரும் வாயில் எடுக்கமாட்டார். தொலைக்காட்சித் தொடரோடு குழம்பும் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆங்கிலத்திலும் சீரியல் என்ற அதே சொல்தான் இரண்டுக்கும் வழங்குகிறது, யாரும் குழம்புவதில்லை.

'மீட்டுருவாக்கம்' மட்டும் சற்று நீளம். காப்புப்படியிலிருந்து தரவுத்தளத்தைத் திரும்ப எடுக்கும் டேட்டாபேஸ் ரெஸ்டோருக்கும் சிலர் அதைக் கையாளுகிறார்கள் என்பதால் மோதவும் கூடும். அதற்குக் குறுகிய சொல் தோன்றினால் எழுதுங்கள். தொடராக்கத்துக்கு வலுவான மறுப்பு வராவிட்டால் அதைக் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாம்.