குடும்பக் குழு: ஹூஸ்டனில் வேகும் பன்றி விலா

பிரபு: (படம்) பன்றி விலாவைப் புகையிலேயே மெதுவாக வேகவைக்கிற அடுப்பு, விடிகாலை 5 மணிக்குப் பற்ற வைத்தது, மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. இன்றைக்காவது ஒழுங்காக வரணும்.

மணி மாமா: என்ன மாப்பிள்ளை, கரிக்கட்டை மாதிரி இருக்குது. போன மாதம் செய்தது போலவா?

பிரபு: அதை ஞாபகப்படுத்தாதீங்க மாமா. தெர்மாமீட்டரில் 160 ஃபாரன்ஹீட் காட்டியதும் வெந்துவிட்டது என்று எடுத்துவிட்டேன். வந்திருந்த நண்பர்கள் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை, அரை மணி நேரம் மென்றுகொண்டே இருந்தார்கள் 😩

கவிதா அக்கா: பன்றிக்கறிக்கு 145 போதும் என்று நீதானேடா சொன்னாய்?

பிரபு: அது சாப்பிட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்கிற கணக்கு அக்கா, 145 வந்து மூன்று நிமிடம் ஆறவிட்டால் போதும். ஆனால் விலாவில் ஜவ்வும் நரம்புமாக இருப்பது கரைந்து மெத்தென்று ஆவதற்கு 195, 200 வரைக்கும் மெதுவாகப் போகணும். நம் ஊர் செல்சியஸ் கணக்கில் 90 டிகிரிக்கு மேலே.

சாந்தி அத்தை: ஆட்டுக்கால் சூப்பு மாதிரி சொல்லு. கொதிக்கக் கொதிக்கத்தான் பிசுபிசுப்பு இறங்கும், மறுநாள் ஃப்ரிட்ஜில் கட்டியாக நிற்குமே, அதுதானே?

பிரபு: அதேதான் அத்தை! நான் எட்டு வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டதை ஒரு வரியில் சொல்லிட்டீங்க.

மணி மாமா: இதுக்குக் குக்கரில் ஆறு விசில் விட்டு, சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு போட்டு வறுத்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிஞ்சுது.

பிரபு: அந்த ருசிக்கு ஈடே இல்லைங்க மாமா, ஆனால் அதில் புகை வராதே.

மணி மாமா: புகைதான் வேணும்னா நம்ம சீமைக்கருவேலம் ஒரு வண்டி அனுப்பட்டுமா 😀

பிரபு: சிரிக்காதீங்க, இங்கே டெக்சாஸில் மெஸ்கீட் என்று போடுகிறார்களே, அது சீமைக்கருவேலத்துக்குப் பங்காளிதான். ஆனால் அதன் புகைக்கு வேகம் ஜாஸ்தி, ஆறு மணி நேரம் போட்டால் கறி கசந்துவிடும். அதனால் ஹிக்கரி என்கிற வேறு மரத்தின் கட்டை இரண்டே இரண்டு வைத்திருக்கிறேன். வெள்ளையாகக் குபுகுபு என்று வந்தாலும் கசப்புதான். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் லேசான நீலமாக வரணும்.

கவிதா அக்கா: இப்போது எத்தனை டிகிரி?

பிரபு: அடுப்புக்குள் 225, கறி 160-லேயே ஒரு மணி நேரமாக நிற்கிறது. கறியிலிருந்து ஈரம் ஆவியாகப் போகிறபோது சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது, நமக்கு வியர்த்தால் உடம்பு குளிர்கிற மாதிரி. இப்போது ஃபாயிலில் கொஞ்சம் ஆப்பிள் ஜூஸ் விட்டு இறுக்கிச் சுற்றப்போகிறேன், இரண்டு மணி நேரம். அப்புறம் பிரித்துவிட்டு சாஸ் தடவி ஒரு மணி நேரம்.

சாந்தி அத்தை: எலும்புக்குப் பின்னாடி ஒரு தோல் இருக்குமே, எடுத்தாயா?

பிரபு: எடுத்துட்டேன் அத்தை. கரண்டிக் காம்பால் ஒரு ஓரத்தைக் கிளப்பி, வழுக்காமல் இருக்க பேப்பர் டவலால் பிடித்து இழுத்தேன், ஒரே உரியாக வந்துவிட்டது.

(மூன்று மணி நேரம் கழித்து)

பிரபு: (வீடியோ) பாருங்க! இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் மறுமுனை தொங்குகிறது, மேலே விரிசல் விடுகிறது. பல்குத்தியும் வெந்த கிழங்கில் இறங்குகிற மாதிரி இறங்குகிறது. எலும்புக்குப் பக்கத்தில் தெர்மாமீட்டரை நம்பவே கூடாது, இதுதான் கணக்கு.

மணி மாமா: எலும்பு தனியாகக் கழன்று விழலையே?

பிரபு: விழுந்தால் வெந்தது அதிகம் என்று இங்கே போட்டிகளில் மார்க்கைக் குறைப்பார்கள் மாமா. கடித்த இடத்தில் மட்டும் பல் தடம் பதிந்து கறி வரணும்.

மணி மாமா: எனக்கு இருக்கிற பல்லுக்கு விழுகிற கறிதான் சரி.

கவிதா அக்கா: டேய், வெட்டின இடத்தில் ஓரமெல்லாம் ரோஸ் நிறமாக இருக்குதே, வேகலையா?

பிரபு: அது புகை பட்டதால் வருகிற நிறம் அக்கா, வேகாத ரோஸ் நடுவில் இருக்கும், இது மேலே ஓரத்தில் மட்டும். சரி, நான் சாப்பிடப் போகிறேன்.

சாந்தி அத்தை: எலும்பை நாய்க்குப் போட்டுடாதே சாமி, வெந்த எலும்பு சிலாம்பாக உடைந்து தொண்டையில் குத்தும்.

பிரபு: அது காலையிலிருந்து அடுப்பை விட்டு நகரவே இல்லைங்க அத்தை 🐕