ராத்திரி கால் ரெண்டும் எரியுது, தூக்கம் போச்சு. யாராவது சொல்லுங்க

பாம்பன்காரன்
படுத்தா போதும், பாதத்துல ஆரம்பிச்சு கெண்டைக்கால் வரைக்கும் தீயா எரியுது. தொட்டுப் பார்த்தா சூடே இல்ல. ஃபேனைக் காலுக்கு நேரா வச்சாச்சு, ஈரத்துணி சுத்தியாச்சு. மெடிக்கல்ல கொடுத்த தைலமும் கேக்கல. ரெண்டு மணிக்கு மேலதான் கண்ணு அசருது. என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்க.

தொண்டி_சிஸ்டர்
வயசு? சுகர் இருக்கா? என்ன மாத்திரை ஓடுது? எரிச்சல் மட்டும்தானா, இல்ல காலை ஆட்டிக்கிட்டே இருக்கணும்போல இருக்கா? எந்திரிச்சு நடந்தா அடங்குதுன்னா அது வேற கதை, இரும்புச்சத்து பார்க்கணும்.

உப்புக்காத்து
சூட்டு உடம்பு தம்பி. பாம்பன் வெயில் சும்மா விடுமா? உள்ளங்கால்ல விளக்கெண்ணெய் தேச்சுப் படு. காலையில நீராகாரம் குடி. வாரம் ஒரு எண்ணெய்க் குளியல். அவ்வளவுதான்.

கீழக்கரையான்
என்ன செருப்பு போடுறீங்க? எனக்கு ரப்பர் செருப்பாலதான் எரிஞ்சுச்சு. மாத்துனேன், போயிருச்சு.

பழைய_நங்கூரம்
வயசு போடல, நோய் போடல, "சீக்கிரம்" மட்டும் போட்டாச்சு. இங்க என்ன சோழி உருட்டியா பார்க்கிறோம்? 1946லயே சத்துணவு ஆராய்ச்சி பண்ணுன டாக்டர் சி. கோபாலன் இந்தக் கால் எரிச்சலைப் பத்தி விரிவா எழுதிட்டார். பி வைட்டமின் குறை, குறிப்பா பான்டோதெனிக் அமிலம். படிக்கிற பழக்கம் இருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது.

தொண்டி_சிஸ்டர்
அண்ணே, அது சத்தில்லாத சாப்பாட்டுல கிடந்தவங்களுக்கு வந்தது. இன்னைக்கு நம்ம ஊர்ல கால் எரியுதுன்னு வந்தா முதல் கேள்வி சுகர்தான். தம்பி, பதில் சொல்லுங்க.

பாம்பன்காரன்
எனக்கு இல்லங்க, அம்மாவுக்கு. 58 வயசு. கடல்ல பாசி எடுக்கப் போவாங்க. சுகர் ரொம்ப வருசமா இருக்கு, மாத்திரை போடுறாங்க. எல்லாருக்கும் இருக்கிறதுதானேன்னு எழுதல. மீன் பெட்டி ஐஸை எடுத்து உள்ளங்கால்ல வச்சா நல்லாருக்குங்கிறாங்க.

கீழக்கரையான்
அம்மாவுக்கா! நான் செருப்புக் கடை விலாசம் எழுதிக்கிட்டிருந்தேன்.

தொண்டி_சிஸ்டர்
ஐஸை இன்னைக்கே நிறுத்துங்க. சுடுதண்ணியும் வேண்டாம். எரியிற கால்லயே உணர்ச்சி மரத்தும் போயிருக்கும், புண்ணானாலும் தெரியாது. பாசி எடுக்கிறவங்க கடலுக்குள்ள பாறைமேல நிக்கிறாங்க, சிப்பி கிழிச்சா என்ன ஆகும்? தினமும் ராத்திரி விளக்கு வெளிச்சத்துல உள்ளங்காலை, விரல் இடுக்கை நீங்களே பாருங்க.

மாத்திரை அட்டையில மெட்ஃபார்மின்னு இருக்கான்னு பாருங்க. சுகருக்கு நல்ல மருந்துதான், ஆனா வருசக்கணக்கா போட்டா பி12 குறையலாம். சுகர் நரம்பைத் தின்னும், பி12 குறைஞ்சாலும் நரம்பு கெடும். ரெண்டும் சேர்ந்தா நீளமான நரம்புதான் முதல்ல அடி வாங்கும், அதான் பாதத்துல ஆரம்பிக்குது. மூணு மாச சுகர் சராசரி, பி12, கிட்னிக்குக் கிரியாட்டினின், தைராய்டு, நாலையும் டாக்டர்கிட்ட கேட்டு எடுங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. மெடிக்கல்ல "நரம்பு மாத்திரை"ன்னு வாங்கியும் விழுங்க வேண்டாம், பி6 அளவுக்கு மீறினா அதுவே எரிச்சல் கொடுக்கும்.

உப்புக்காத்து
சுகர்னா சீனியை விட்டுட்டு கருப்பட்டிக் காப்பி கொடு தம்பி. சாயல்குடிக் கருப்பட்டி சுகரை ஏத்தாது.

பழைய_நங்கூரம்
கருப்பட்டியில பெரும்பங்கு சுக்ரோஸ்தான் ஐயா. பனையில இருந்து வந்தா ரத்தத்துக்கு வேற வழியா போகுமா?

சாயல்குடியான்
எங்க தாத்தா பனையேறி. கடைசி வரைக்கும் கருப்பட்டிதான். சுகர்னா என்னன்னே தெரியாம போய்ச் சேர்ந்தார்.

பழைய_நங்கூரம்
காலையும் சாயங்காலமும் பனை ஏறி இறங்குனவருக்கு எப்படி வரும்? நீங்க எத்தனை பனை ஏறுறீங்க?

சாயல்குடியான்
கிண்டல் வேண்டாம். இப்ப கடையில இருக்கிறது சீனி கலந்த சரக்கு. அதைத் தின்னுட்டு கருப்பட்டியைக் குறை சொல்றீங்க.

உப்புக்காத்து
அப்படிச் சொல்லுங்க!

கீழக்கரையான்
சண்டையை விடுங்க. கலப்படம் இல்லாதது எங்க கிடைக்கும்? வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காக.

தொண்டி_சிஸ்டர்
சுத்தமானதா இருந்தாலும் சுகர்க்காரங்களுக்கு ஆகாது, கணக்கு ஒண்ணுதான். அந்தத் தம்பி எங்க போனாரு?

சாயல்குடியான்
கீழக்கரை காக்கா, பதனி இறக்க ஆரம்பிச்சதும் சொல்றேன். இப்ப இருக்கிறது பழசு.

பாம்பன்காரன்
பி12 ரொம்பக் கம்மியாம். ஊசி எழுதியிருக்காங்க. சுகரும் ஏறிக் கிடக்கு, மாத்திரை மாத்தியிருக்காங்க. கால்ல பழைய வெட்டு ஒண்ணு இருந்துச்சு, அம்மாவுக்கே தெரியல, கட்டுப் போட்டாச்சு. எரிச்சல் இன்னும் இருக்கு, ஆனா முந்தி மாதிரி இல்ல. சிஸ்டருக்கு நன்றி.

தொண்டி_சிஸ்டர்
நரம்பு மெதுவாத்தான் தேறும், ஊசியைப் பாதியில விட்றாதீங்க. கட்டுப் பிரியிற வரைக்கும் அம்மாவைக் கடல்ல இறங்க விடாதீங்க.

பழைய_நங்கூரம்
ரொம்பக் கம்மின்னா எவ்வளவு? எண் போடுங்க.

உப்புக்காத்து
விளக்கெண்ணெய் தேச்சீங்களா இல்லியா, அதைச் சொல்லவே இல்லியே?