புதுப்பிப்பு: தோட்டா ரீலோடிங் பிரஸ், எதை வாங்கினோம்

டெக்ஸாஸில் இருக்கும் மச்சான், வீட்டிலேயே தோட்டா ரீலோட் செய்ய (சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டில் மருந்தும் குண்டும் போட்டு மறுபடி தோட்டாவாக்க) எந்த பிரஸ் (அதற்கான அமுக்கும் கருவி) நல்லது, லீவில் வரும்போது தொண்டிக்குக் கொண்டுவந்தால் அத்தாவின் லைசென்ஸ் துப்பாக்கிக்கும் ஆகுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வாங்கியது ஆர்சிபிஎஸ் ராக் சக்கர், சிங்கிள் ஸ்டேஜ். 'முதல் பிரஸ்ஸே புரோகிரெசிவ் (ஒரே இழுப்பில் பல வேலை நடக்கும் வகை) வேண்டாம்' என்ற யோசனைதான் எடுபட்டது. இதில் கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒரே ஒரு வேலை, மெதுவாகத்தான் போகும். ஆனால் மருந்து போட்ட கூடுகளைத் தட்டில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றிலும் அளவு சரியா என்று பார்த்த பிறகே மச்சான் குண்டை அமுக்குகிறார். இரட்டை மருந்து விழுந்தால் துப்பாக்கியே வெடித்துவிடும் இல்லையா? டைகள் (பிரஸ்ஸில் திருகி மாட்டும் அச்சுகள்) வழக்கமான 7/8-14 மரை (7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 சுற்று) என்பதால், பின்னால் டரட் பிரஸ் (பல டைகளைச் சுழல் தலையில் மாட்டும் வகை) வாங்கினாலும் பொருந்தும்.

எதிர்பாராதது மேஜை. .308 ரைபிள் தோட்டாவின் கூட்டைச் சரியான அளவுக்கு அமுக்கும்போது பலகையே வளைந்தது. அடியில் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்ட பிறகுதான் அசையவில்லை.

தொண்டிக் கதை அதோடு சரி. அத்தாவின் துப்பாக்கிக்கான 12 போர் (ஷாட்கன்) தோட்டாவுக்கு வேறு பிரஸ் வேண்டும். அப்புறம், இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா செய்யும் இயந்திரமும் 'அம்யூனிஷன்' (தோட்டா, மருந்து வகை) கணக்கில்தான் வருகிறது, தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். அத்தாவின் லைசென்ஸ் அதற்குச் செல்லாது. பிரஸ் அங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டோம்.