ஒரே பெயரில் பல பிராசஸ்கள்: மாலையானால் கணினி முடங்குவது ஏன்?

கோத்தகிரி_இலைக்கணக்கு எழுதியது:

வணக்கம். கோத்தகிரிக்கு அருகே, சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தொழிற்சாலைக்கு அனுப்பும் கொள்முதல் நிலையம் ஒன்றில் கணக்கு எழுதி வருகிறேன். முன்னறையில் உள்ள மேசைக் கணினியில்தான் எடைப் பதிவு நடக்கிறது. விண்டோஸ் 10, 8 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். காலையில் வேறொரு பணியாளரும் பிற்பகலில் நானும் அவரவர் பயனர் கணக்கில் வேலை செய்கிறோம்.

காலையில் கணினி ஒழுங்காகவே ஓடுகிறது. பிற்பகலில் இலை வரத்து கூடும் நேரத்தில் மெல்ல மெல்லத் தளர்ந்து, மாலையில் ஒரு விவசாயியின் பெயரைத் தட்டினால் அவருடைய பக்கம் திறப்பதற்குள் தராசில் அடுத்த மூட்டை ஏறிவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் ‘சர்வீஸ் ஹோஸ்ட்’ என்ற பெயரில் கணக்கற்ற வரிகளும், குரோம் பெயரில் பத்துக்கு மேற்பட்டவையும், ‘கன்சோல் விண்டோ ஹோஸ்ட்’ என்ற பெயரில் இருபதுக்கு மேற்பட்டவையும் தெரிகின்றன. டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது. வைரஸ் சோதனையில் எதுவும் அகப்படவில்லை. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகி, மறுநாள் மாலை மீண்டும் அதே நிலைக்கு வருகிறது. இப்படி இரட்டிப்பாக ஓடுபவற்றை ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்து நிறுத்திவிடலாமா? எவற்றைத் தொடக்கூடாது?

குன்னூர்க்காரன் எழுதியது:

வணக்கம். தயவுசெய்து இப்போதைக்கு எதையும் நிறுத்த வேண்டாம். ஒரே பெயர் பலமுறை தெரிவதாலேயே அது கோளாறு ஆகிவிடாது. நீங்கள் சொன்ன மூன்றில் முதல் இரண்டும் பெரும்பாலும் இயல்பானவை.

பிராசஸ் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம். ‘சர்வீஸ் ஹோஸ்ட்’ என்பது விண்டோஸ் பின்னணியில் ஓட்டும் சர்வீஸ்களைத் தாங்கி நிற்கும் பிராசஸ். முன்பு பல சர்வீஸ்கள் ஒரே பிராசஸுக்குள் கூட்டுக்குடித்தனம் நடத்தின. ஒன்று விழுந்தால் உடனிருந்தவையும் சேர்ந்து விழுந்தன. 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ராம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சர்வீஸ்களுக்குத் தனித்தனிப் பிராசஸ் ஒதுக்கப்படுகிறது. ஆகவே உங்கள் 8 ஜிபி கணினியில் அந்தப் பெயர் பல பத்து முறை தெரிந்தால்தான் சரி. ஐயம் இருந்தால், வரியின் மேல் வலது சொடுக்குச் செய்து ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ கொடுங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ‘சிஸ்டம்32’ அல்லது ‘சிஸ்வாவ்64’ திறந்தால் கவலை இல்லை. பயனரின் டவுன்லோட்ஸ் போன்ற வேறு ஓர் இடம் திறந்தாலோ, பெயரில் ஓர் எழுத்து இடம் மாறியிருந்தாலோ அதைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

குரோமும் ஒவ்வொரு தாவலையும் நீட்டிப்பையும் பெரும்பாலும் தனித்தனிப் பிராசஸாகவே ஓட்டும். குரோமுக்குள் இருந்துகொண்டு ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எது எவ்வளவு நினைவகம் தின்கிறது என்பது தெரியும்.

நான் கவனிக்கச் சொல்வது மூன்றாவதைத்தான். ‘கன்சோல் விண்டோ ஹோஸ்ட்’ சும்மா பெருகாது. கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஒரு பேட்ச் ஃபைலோ கருப்புத் திரையில் ஓடும் கட்டளையோ தொடங்கும்போது அதற்குத் துணையாக ஒன்று வரும். இருபதுக்கு மேல் இருக்கிறது என்றால், ஏதோ ஒன்று திரும்பத் திரும்பத் தொடங்கி, முடியாமல் தங்கிக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள். டாஸ்க் மேனேஜரில் ‘டீடெயில்ஸ்’ பகுதிக்குச் சென்று, தலைப்பு வரியில் வலது சொடுக்குச் செய்து, ‘செலக்ட் காலம்ஸ்’ வழியாக ‘யூசர் நேம்’, ‘கமாண்ட் லைன்’ ஆகிய இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் தொடங்கியது, எந்தக் கட்டளையால் தொடங்கியது என்பது அங்கே எழுதியிருக்கும். நிர்வாகி உரிமையுள்ள கணக்கில் இருந்து பார்த்தால்தான் அடுத்தவர் கணக்கில் ஓடுபவையும் முழுமையாகத் தெரியும். ‘யூசர்ஸ்’ பகுதியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். இரண்டு பேர் பயன்படுத்தும் கணினி என்று சொன்னதால் கேட்கிறேன்.

உதகை_மெக்கானிக் எழுதியது:

இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை என்பது என் கருத்து. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ வசதியை நிறுத்திவிட்டு, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான ஓர் எஸ்.எஸ்.டி. போடுங்கள். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவும் 14 அக்டோபர் 2025 அன்றே முடிந்துவிட்டது. எப்படியும் செலவு செய்யத்தான் வேண்டும்.

குன்னூர்க்காரன் எழுதியது:

எஸ்.எஸ்.டி. நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே அது நோயை மறைக்கும், நீக்காது. இருபது தேங்கினால் தாங்காத கணினி, பிறகு அறுபது தேங்கும் வரை தாங்கும், அவ்வளவுதான்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த வசதி இயக்கத்தில் இருக்கும்போது ‘ஷட் டவுன்’ கொடுத்தால் பயனர்களின் புரோகிராம்கள் மூடப்படுகின்றன. விண்டோஸின் மையமான கெர்னலும் சர்வீஸ்களும் இருக்கும் பகுதி மட்டும் டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே தொடர்கிறது. டாஸ்க் மேனேஜரின் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘அப் டைம்’ நாள் கணக்கில் காட்டுவது அதனால்தான். ரீஸ்டார்ட் கொடுத்தால் எல்லாமே புதிதாகத் தொடங்குகிறது. நண்பர் ரீஸ்டார்ட் செய்த பிறகும் மறுநாள் மாலையில் தேங்குகிறது என்கிறார். ஆகவே பகல் வேளையில் புதிதாக ஏதோ சேர்கிறது.

கோத்தகிரி_இலைக்கணக்கு எழுதியது:

இருவருக்கும் நன்றி. சொன்னபடி பார்த்தேன். கன்சோல் வரிகள் எத்தனையோ அத்தனை ‘ரோபோகாப்பி’ வரிகளும் இருந்தன. எல்லாவற்றின் கமாண்ட் லைனும் எழுத்துப் பிசகாமல் ஒன்றே. எடைப் பதிவு புரோகிராமின் டேட்டா கோப்புறையை, கிடங்கை ஒட்டிய பின்னறையில் உள்ள பழைய கணினிக்கு நகலெடுக்கும் கட்டளை அது. முன்பு இங்கே கணினி பார்த்துக்கொண்டவர் பேக்கப்புக்காக அமைத்துவிட்டுப் போனதாக அலுவலகத்தில் சொன்னார்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி டாஸ்க் ஷெட்யூலரில் இருக்கிறது.

‘யூசர்ஸ்’ பகுதியில் என் பெயருக்குக் கீழே காலைப் பணியாளரின் பெயரும் ‘டிஸ்கனெக்டெட்’ என்ற குறிப்போடு நின்றது. அதை விரித்தால் அவருடைய குரோமும், எடைப் பதிவு புரோகிராமும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பின்னறைக் கணினிக்கு யூ.பி.எஸ். கிடையாது. இப்போது வடகிழக்குப் பருவமழை. மரம் விழுந்தோ வேறு எதனாலோ மின்சாரம் போய் வருவது எங்கள் பக்கம் வழக்கம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கொடைக்கானல்_சர்வர் எழுதியது:

வணக்கம். தேவையான எல்லாத் தடயங்களும் உங்கள் பதிலிலேயே இருக்கின்றன. கோத்துப் பார்த்தால் நடப்பது இதுதான்.

காலைப் பணியாளர் வேலை முடிந்ததும் ‘சைன் அவுட்’ செய்யாமல் திரையைப் பூட்டிவிட்டுப் போகிறார். நீங்கள் உங்கள் கணக்கில் நுழைகிறீர்கள். அவருடைய புரோகிராம்கள் மூடப்படவில்லை. ஆகவே பின்னணியில் ஓடும் பலவும் அந்த நொடியிலிருந்து இருவர் பெயரிலும் இரட்டிப்பாகின்றன. அதைவிட முக்கியம், எடைப் பதிவு புரோகிராம் அவர் கணக்கில் டேட்டா ஃபைலைத் திறந்து பிடித்து வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட புரோகிராம்கள் பல, தாம் திறந்த ஃபைலை மற்றொன்று படிக்கவும் விடுவதில்லை.

இந்த நிலையில் ரோபோகாப்பி வந்து நிற்கிறது. ஒரு ஃபைலை நகலெடுக்க முடியாவிட்டால் எத்தனை முறை மீண்டும் முயல வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால், அது தானாக எடுத்துக்கொள்ளும் எண்ணிக்கை 10 லட்சம். ஒவ்வொரு முயற்சிக்கும் இடையில் 30 விநாடி காத்திருக்கும். பெருக்கிப் பாருங்கள், ஒரே ஒரு ஃபைலுக்காக ஏறக்குறைய 347 நாள் வாசலில் நிற்கும். பின்னறைக் கணினியில் மின்சாரம் போனாலும் இதே காத்திருப்புதான். இந்த இயல்நிலை அமைப்பு எனக்கு எப்போதுமே நியாயமாகத் தோன்றியதில்லை.

ஆனாலும் ஒன்று மட்டும் காத்திருந்தால் கணினி தளராது. டாஸ்க் ஷெட்யூலரில் அந்தப் பணியைத் திறந்து ‘செட்டிங்ஸ்’ பகுதியின் அடியில் உள்ள தேர்வைப் பாருங்கள். பணி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு ‘புதியதைத் தொடங்காதே’ என்பதே இயல்பான விடை. உங்களுடையதில் ‘ரன் எ நியூ இன்ஸ்டன்ஸ் இன் பேரலல்’ என்று இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் மணிக்கு நான்கு வீதம் சேரும். காத்திருக்கும்போது இவை அதிகம் தின்பதில்லை; ஆனால் புதிதாக வரும் ஒவ்வொன்றும் கோப்புறை முழுவதையும் முதலிலிருந்து அலசுகிறது. மின்சாரம் திரும்பியவுடன் காத்திருந்தவை எல்லாம் ஒருசேர எழுகின்றன. பழைய ஹார்ட் டிஸ்க்கில் 100 சதவீதம் காட்டுவது அப்போதுதான்.

முதலில் அந்தத் தேர்வை ‘டு நாட் ஸ்டார்ட் எ நியூ இன்ஸ்டன்ஸ்’ என்று மாற்றுங்கள். அதே இடத்தில், நீண்ட நேரம் ஓடினால் நிறுத்து என்ற விதி வழக்கமாக 3 நாள் என்று இருக்கும். அதை 1 மணி நேரமாகக் குறையுங்கள். பிறகு கட்டளையின் முடிவில் /ஆர்:2 /டபிள்யூ:5 என்று சேருங்கள், ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். இரண்டு முறை மட்டும் மீண்டும் முயன்று, நடுவில் 5 விநாடி மட்டும் நின்று, முடியாவிட்டால் அந்த ஃபைலை விட்டுவிடும்.

இன்னொரு பொறியும் உண்டு. அந்தப் பணி ஒரு பேட்ச் ஃபைலை அழைத்து, அதற்குள் ‘ஸ்டார்ட்’ என்ற கட்டளையோடு ரோபோகாப்பி எழுதப்பட்டிருந்தால், பேட்ச் ஃபைல் உடனே முடிந்துவிடும். பணி முடிந்ததாகவே ஷெட்யூலர் எண்ணிக்கொள்ளும். அப்போது முதல் மாற்றத்தால் பயன் இருக்காது. அந்தச் சொல்லை நீக்கிவிடுங்கள்.

இவற்றைச் செய்த பிறகு, தேங்கி நிற்கும் ரோபோகாப்பி வரிகளை மட்டும் நீங்கள் தாராளமாக ‘எண்ட் டாஸ்க்’ செய்யலாம். காலைப் பணியாளரின் கணக்கை ‘யூசர்ஸ்’ பகுதியிலிருந்தே ‘சைன் ஆஃப்’ செய்ய வழி உண்டு. ஆனால் அவர் சேமிக்காமல் விட்ட பதிவு இருந்தால் அதோடு போய்விடும். ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

கோத்தகிரி_இலைக்கணக்கு எழுதியது:

ஐயா, தேர்வு நீங்கள் சொன்னபடியே ‘பேரலல்’ என்றுதான் இருந்தது. பேட்ச் ஃபைலில் ‘ஸ்டார்ட்’ என்ற சொல்லும் இருந்தது. இரண்டையும் மாற்றி, கட்டளையின் முடிவில் நீங்கள் சொன்னதையும் சேர்த்துவிட்டேன், மாலை வரை ஒரு ரோபோகாப்பிகூடத் தேங்கவில்லை, எடைப் பதிவும் தடையின்றி நடந்தது. காலைப் பணியாளரிடமும் சைன் அவுட் செய்யச் சொல்லிவிட்டேன். ஆனால் பின்னறைக் கணினியில் பார்த்தபோது, முக்கியமான டேட்டா ஃபைலின் நகல் சென்ற மாதத் தேதியோடு நிற்கிறது. மற்ற ஃபைல்கள் புதியவை. இதற்கு என்ன செய்வது?

கொடைக்கானல்_சர்வர் எழுதியது:

பகலெல்லாம் திறந்தே இருக்கும் ஃபைல் என்பதால் சென்ற மாதத்துக்குப் பிறகு அது நகலாகவில்லை. இனியும் பகலில் ஆகாது. இரண்டு முறை 5 விநாடி காத்திருந்து விட்டுவிடும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்ற ஏற்பாட்டையே கைவிட்டு, இரவு நிலையம் மூடும் முன், புரோகிராமை இருவர் கணக்கிலும் மூடிய பிறகு ஒரே ஒரு முறை ஓடும்படி நேரம் வையுங்கள். எடைப் பதிவு புரோகிராமிலேயே பேக்கப் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தி, அது உருவாக்கும் ஃபைலை மட்டும் பின்னறைக்கு அனுப்புவது இன்னும் மேல். இன்றைக்கே புரோகிராமை மூடிவிட்டு அந்த ஒரு ஃபைலைக் கையாலேயே நகலெடுத்து, பின்னறைக் கணினியில் அது திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பணப்பட்டுவாடா தேதி நெருங்கும்வரை தள்ளிப்போட வேண்டாம்.