ஒன்டாரியோவில் படகு வாங்கியவர்களுக்கு: குளிர்காலத்தில் பேட்டரியை என்ன செய்வது?

சிம்கோ ஏரியில் மீன் பிடிக்கலாம் என்று டிரெய்லரோடு பழைய அலுமினியப் படகு ஒன்றை வாங்கி வைத்திருக்கும் நம் ஆட்கள் ஸ்கார்பரோ, ஏஜாக்ஸ் பக்கம் நிறைய. அக்டோபரில் தேங்க்ஸ்கிவிங் தாண்டியதும் தார்ப்பாயைப் போர்த்தி டிரைவ்வேயில் நிறுத்திவிடுவோம். மே மாதம் விக்டோரியா டே சமயத்தில் சாவியைத் திருப்பினால் சத்தமே வராது. "குளிரில பேட்டரி போயிடுச்சு" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். அதை நம்பாதீர்கள். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரியை இந்த ஊர்க் குளிர் ஒன்றும் செய்யாது. சார்ஜ் இறங்கி மாதக்கணக்கில் கிடந்ததால்தான் அது போயிருக்கும்.

சாதாரண லெட் ஆசிட் பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம் கலந்த தண்ணீர். சார்ஜ் முழுதாக இருந்தால் மைனஸ் 50 டிகிரியில்கூட அது உறையாது. சார்ஜ் இறங்க இறங்க அமிலத்தின் வீரியம் குறையும். காலியான பேட்டரி மைனஸ் 10 பக்கத்திலேயே உறைந்துவிடும். ஜனவரியில் இங்கே மைனஸ் 15 இரவுகள் சகஜம். உறைந்த பேட்டரி வீங்கும், வெடிப்பு விடும். அப்படி ஒன்றைப் பார்த்தால் சார்ஜ் போட்டுப் பார்க்கவே வேண்டாம். உறையாமல் தப்பினாலும் இன்னொரு சேதம் உண்டு: சார்ஜ் இறங்கும்போது தகடுகளில் படிகிற சல்பேட் நாள்படக் கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் பழைய சக்தி திரும்பாது.

அதனால் படகை நிறுத்தும் அன்றே பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். மெயின் சுவிட்சை அணைத்தால் போதாதா என்றால், போதாது. படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பு பெரும்பாலும் அந்த சுவிட்சைச் சுற்றிக்கொண்டு நேராகப் பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுக்கும். ரேடியோவும் சொட்டுச் சொட்டாக உறிஞ்சும்.

ஒயர்களை முதலில் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வசந்தத்தில் எது எங்கே என்று யாருக்கும் நினைவிருக்காது. மைனஸ் ஒயரை முதலில் கழற்றுங்கள், பிளஸ் இரண்டாவது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் நட்டில் வைத்த ஸ்பேனர் மோட்டாரிலோ படகின் உலோகத்திலோ பட்டால் தீப்பொறி பறக்கும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். நீண்ட நேரம் மெதுவாக மின்சாரம் கொடுக்கிற டீப் சைக்கிள் பேட்டரி ஒன்று இருபது கிலோவுக்கு மேல் வரும், இடுப்பைப் பார்த்துத் தூக்குங்கள்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பேக்கிங் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பழைய டூத் பிரஷால் தேயுங்கள். நுரைத்துக்கொண்டு வரும், ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா உள்ளே போகக் கூடாது. மேல்பக்கம் அழுக்கும் ஈரமுமாக இருந்தால் அந்த வழியாகவே சார்ஜ் கசியும் என்பதால் துடைப்பது வெறும் அழகுக்கு இல்லை.

ஊரில் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு அடுத்த வேலை பழக்கமானதுதான். மூடி திறக்கிற வகை என்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அமிலம் ஊற்றவே வேண்டாம். சார்ஜ் போட்ட பிறகு அளவுக்கு நிரப்புங்கள், முன்னாலேயே நிரப்பினால் வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முதலிலேயே ஊற்றிக்கொள்ளலாம். சீல் செய்த ஏஜிஎம் பேட்டரிக்கு இந்த வேலையே இல்லை.

சார்ஜ் ஏறிய பிறகு ஓர் இரவு விட்டு மல்டிமீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் நிம்மதி. 12.4 என்றால் திரும்ப சார்ஜ் போடும் நேரம். 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. பேட்டரி நிறைந்ததும் மின்சாரத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும் மெயின்டெய்னர் சார்ஜர் ஒன்று வாங்கினால் குளிர்காலம் முழுக்க மாட்டியே விடலாம். கராஜ் விற்பனையில் மலிவாகக் கிடைக்கிற அந்தக் காலத்து டிரிக்கிள் சார்ஜரை அப்படி விடாதீர்கள், நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டே இருந்து உள்ளிருக்கும் தண்ணீரை வற்றவைத்துவிடும்.

எங்கே வைப்பது? புதிதாக வந்தவர்கள் பலர் பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சார்ஜ் ஏறும்போது பேட்டரி ஹைட்ரஜன் விடும். அதே பேஸ்மென்டில் கேஸ் ஃபர்னஸும் வாட்டர் ஹீட்டரும் எரிந்துகொண்டிருக்கும். அங்கே சார்ஜ் போடவே கூடாது. காற்றோட்டமுள்ள கராஜ் அல்லது ஷெட் நல்லது. ஷெட்டில் கரண்ட் இல்லையா, பரவாயில்லை. குளிரில் சார்ஜ் தானாக இறங்குவதும் மெதுவாகத்தான் நடக்கும். மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்த்தால் போதும். காண்டோவில் இருப்பவர்கள் லாக்கரில் வைக்கும் முன் நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்று பழைய ஆட்கள் சொல்வது அந்தக் காலத்துப் பெட்டிகளுக்கு. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது.

மீன் பிடிக்கும்போது படகை மெதுவாக நகர்த்தும் சின்ன மின் மோட்டாரான டிரோலிங் மோட்டாருக்கு லித்தியம் பேட்டரி வைத்திருந்தால் மேலே சொன்னதில் பாதி செல்லாது. அதைப் பாதி சார்ஜ் அளவில் கழற்றி, உறைபனி இல்லாத இடத்தில் வையுங்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் போட்டால் செல்கள் நிரந்தரமாகக் கெடும். லெட் ஆசிட் சார்ஜரையும் அதில் மாட்டாதீர்கள்.

வசந்தத்தில் மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். எல்லாம் செய்தும் சார்ஜ் நிற்கவில்லை என்றால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. குப்பைத் தொட்டியில் போடாமல் கடைக்கே எடுத்துப் போங்கள். புதிய பேட்டரியின் விலையோடு கோர் டெபாசிட் என்று ஒரு தொகை சேர்ப்பார்கள், பழையதைக் கொடுத்தால் அதைக் கழித்துவிடுவார்கள்.