அப்பாவுக்கு மறதி கூடுகிறது: பவர் பத்திரம் எழுதிவிட்டால் போதுமா?

மூத்தமகள் எழுதியது:

அப்பாவுக்கு 78 வயது. கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கூட்டிய கூட்டலை யாரும் சரிபார்த்ததே இல்லை. போன மாதம் வீட்டு வரியை மூன்று தடவை கட்டியிருக்கிறார். மூன்று ரசீதும் அதே கோப்பில், ஒன்றன்மேல் ஒன்றாக அழகாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் ‘கட்டியாச்சு’ என்று எழுதி வைத்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நரம்பியல் மருத்துவர் அல்சைமர், ஆரம்ப நிலை என்கிறார். காலையில் தெளிவாகப் பேசுகிறார், பேரனுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். பொழுது சாய்ந்தால் ‘நான் இன்னும் ஆபீஸிலிருந்து கிளம்பவில்லையே’ என்பார். கையெழுத்து மாறிவிட்டது என்று வங்கியில் ஒரு காசோலையைத் திருப்பிவிட்டார்கள்.

தம்பி சொல்வது இதுதான்: ‘ஒரு பவர் எழுதி வாங்கிவிடு அக்கா, விஷயம் முடிந்தது.’ சித்தப்பாவோ கோர்ட்டுக்குப் போகாமல் எதுவும் நடக்காது என்கிறார். அப்பாவிடம் பேச்செடுத்தால், ‘நான் இன்னும் சாகவில்லை’ என்று எழுந்து போய்விடுகிறார். யார் சொல்வது சரி?

ரசீதுப்பெட்டி எழுதியது:

எந்த நாட்டுச் சட்டம் என்று நீங்கள் சொல்லவில்லை. பாதி பதில் அதில்தான் இருக்கிறது.

சாதாரண பவர் பத்திரம் என்பது ஒருவர் தன் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைப்பது. ஒப்படைத்தவருக்கே மனத்தெளிவு போய்விட்டால் ஒப்படைப்பும் போய்விடும் என்பது பழைய விதி. இந்தியாவில் இன்றும் அதுதான்: 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201. பதிவு செய்திருந்தாலும் இதில் மாற்றமில்லை. எது வேண்டும் என்று வாங்கி வைக்கிறோமோ, அது வேண்டிய நேரத்தில்தான் செல்லாமல் போகிறது. இது தெரியாமல் எத்தனை பேர் பீரோவில் பத்திரத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்களோ!

வேறு சில நாடுகளில் இதற்கென்றே நீடித்து நிற்கும் அதிகாரப் பத்திரம் உண்டு. இங்கிலாந்து, வேல்ஸில் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிங்கப்பூரில் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி. எழுதிக் கொடுத்தவருக்குப் புரிந்து முடிவெடுக்கும் திறன் போன பிறகும் அது செல்லும். ஆனால் இரண்டு இடத்திலும், எழுதிக் கொடுப்பவர் புரிந்துதான் கொடுக்கிறார், யாரும் மிரட்டவில்லை என்று தகுதியுள்ள வெளியாள் ஒருவர் சான்றளிக்க வேண்டும். அதற்கென்று உள்ள அரசு அலுவலகத்தில் பதிவும் செய்ய வேண்டும். பதிவாகாத பத்திரம் வெறும் காகிதம்.

எந்த வழியில் போனாலும் அப்பாவுக்கு இப்போது புரிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. நோயின் பெயரை வைத்து யாரும் அதை முடிவு செய்ய முடியாது. இங்கிலாந்துச் சட்டம் நான்கைப் பார்க்கச் சொல்கிறது: சொன்னது புரிகிறதா, முடிவெடுக்கும்வரை மனதில் நிற்கிறதா, நல்லது கெட்டதைச் சீர்தூக்க முடிகிறதா, முடிவைத் தெரிவிக்க முடிகிறதா. அதுவும் அந்தந்த விஷயத்துக்குத் தனித்தனியாக. வரி கட்டியதை மறப்பவருக்கு, ‘என்னால் முடியாதபோது என் பெண் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று சொல்லும் தெளிவு நன்றாகவே இருக்கலாம். காலையில் தெளிவு என்கிறீர்களே, வக்கீலைக் காலையில் வரச் சொல்லுங்கள். அன்றைய தேதியிலேயே மருத்துவர் குறிப்பு ஒன்றும் வாங்கி வையுங்கள்.

நடையாய்நடந்தவன் எழுதியது:

சகோதரி, நான் தாமதித்தவன். அதனால் எழுதுகிறேன்.

அம்மா பெயரில் வீடு. நாங்கள் வாழும் இடத்தில் நீடித்த பத்திரம் என்ற வசதி கிடையாது. ‘இப்போது போய் எப்படிக் கேட்பது’ என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டோம். ஒரு கட்டத்தில் அம்மாவுக்கு என் பெயரே வரவில்லை. அதன்பிறகு மிச்சமிருந்த ஒரே வழி நீதிமன்றம். உங்கள் சித்தப்பா சொல்வது அந்தக் கட்டத்துக்குத்தான் பொருந்தும்.

மனு, மருத்துவச் சான்று, நெருங்கிய உறவினர் எல்லோருக்கும் நோட்டீஸ், சொத்துப் பட்டியல். பாதுகாவலராக நியமித்த பிறகும் வீட்டை விற்க வேண்டுமானால் தனியாக அனுமதி. வரவு செலவை வருடா வருடம் நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டும். நான் ஒரு நோட்டு போட்டு டயப்பர் வாங்கியதுகூட எழுதினேன். அப்படியும் என் அண்ணன் ‘அம்மா பணத்தில் கார் வாங்கினான்’ என்று ஊரெல்லாம் சொன்னார். காருக்கு நான் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன், அது வேறு கதை. அந்த நோட்டுதான் என்னைக் காப்பாற்றியது.

கூட்டுக் கணக்கு பற்றி ஒரு வார்த்தை. அன்றாடச் செலவுக்கு நல்ல வழிதான். ஆனால் வீட்டை விற்கவோ வழக்கு நடத்தவோ அது உதவாது. அம்மாவின் பணம் எது, என் பணம் எது என்ற சண்டைக்கும் அங்கேதான் விதை விழுந்தது. வங்கிக்கு விஷயம் தெரிந்ததும் ‘இனி உத்தரவு கொண்டுவாருங்கள்’ என்று கணக்கையே நிறுத்தி வைத்தார்கள். சொத்து பெரிதென்றால், தெளிவு இருக்கும்போதே குடும்ப அறக்கட்டளை (டிரஸ்ட்) ஏற்படுத்தி அதன் பெயருக்கு மாற்றுவது ஒரு வழி. எங்களுக்கு அதைச் சொல்ல அன்று ஆளில்லை.

இரவுப்பணி எழுதியது:

மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: பண விஷயத்துக்கு எழுதிய பத்திரம் சிகிச்சைக்குச் செல்லாது. சிகிச்சை விருப்பத்தைத் தனியாக எழுத வேண்டும். இதன் மறுபக்கமும் உண்டு. இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் ஒருவரைப் பிரதிநிதியாக நியமிக்கலாம். ஆனால் அவர் மனநலச் சிகிச்சைக்கு மட்டுமே பிரதிநிதி, வங்கிக்கணக்கைத் தொட முடியாது. குடும்பங்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு எங்களிடம் சண்டை போடுவதை வாராவாரம் பார்க்கிறேன்.

உயிலும் இருக்கிறது. அதையும் புரிகிற காலத்தில்தான் எழுத முடியும். அப்பாவுக்காக நீங்கள் எழுத முடியாது.

மூத்தமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. விசாரித்துவிட்டேன், எங்களுக்கு நீடித்து நிற்கும் பத்திர வசதி இருக்கிறது. பிழைத்தோம்.

இந்தத் தடவை பேச்சை வேறு மாதிரி எடுத்தேன். ‘உங்களால் முடியவில்லை’ என்று சொல்லாமல், ‘நாளைக்கு உங்கள் கணக்கை யார் பார்க்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள், தம்பியா நானா?’ என்று கேட்டேன். ‘அவனுக்கு வட்டிக் கணக்கே போடத் தெரியாது’ என்றார் உடனே.

நேற்றுக் காலை வக்கீல் வந்தார். எங்களை வெளியே அனுப்பிவிட்டு அப்பாவிடம் தனியாகப் பேசினார். முக்கால் மணி நேரம். கதவு திறந்தபோது வரைவுப் பத்திரம் முழுக்கச் சிவப்பு மை! அப்பா இரண்டு எழுத்துப் பிழை திருத்தியிருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் தம்பிக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று ஓரத்தில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறார். வக்கீலிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: ‘இதை நான் ரத்து செய்ய முடியுமா?’ புரிகிறவரை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்றதும்தான் முகம் இளகியதாம்.

மாலையில் ‘காலையில் வந்த அந்தப் பையன் யார்?’ என்று என்னிடம் கேட்டார். வக்கீல் என்றேன். ‘பரவாயில்லை, ஒழுங்காக எழுதுகிறான்’ என்றார்.

திருத்திய பிரதி வரும் வியாழன் காலை பத்து மணிக்கு வருகிறது. மருத்துவரையும் அதே நேரத்துக்குச் சொல்லியிருக்கிறேன். நோட்டு ஒன்றும் வாங்கிவிட்டேன்.