கேட்காமலே வந்த காலர் டியூன், காணாமல் போன பேலன்ஸ்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அருப்புக்கோட்டை ரீசார்ஜ் கடை:

ஜியோ வருவதற்கு முன்னால் பிரீபெய்டு சிம் வைத்திருந்த எல்லாரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும், அதனால் நானே ஆரம்பித்து வைக்கிறேன். கடை திறந்ததும் வருகிற முதல் ஆள் பெரும்பாலும் ரீசார்ஜுக்கு வரமாட்டார், சண்டைக்குத்தான் வருவார். "நேத்துதான்யா ஏத்துனேன், ஒருத்தருக்கும் பேசலை, பேலன்ஸ் எங்கய்யா போச்சு?" போனை வாங்கி இன்பாக்ஸைத் திறந்தால் ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் கிடக்கும். காலர் டியூன் இன்னும் ஒரு மாதத்துக்குப் புதுப்பித்தாகிவிட்டது, 30 ரூபாய் எடுத்தாகிவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற ஒரு அக்கா இதே புகாரோடு மாசாமாசம் வருவார். அவர் எந்தப் பாட்டையும் கேட்டு வாங்கவில்லை. நடந்தது என்னவென்றால், அந்தக் காலத்துப் பட்டன் போனில் திடீர் திடீரென்று ஸ்கிரீனில் ஒரு மெசேஜ் தானாக வந்து நிற்கும், சினிமாச் செய்தி, கிரிக்கெட், ராசிபலன் என்று ஏதாவது. அது போனால் போதும் என்று ஓகே-வை அழுத்துவார்கள். அந்த ஓகேதான் சம்மதம்! ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவர் அந்தப் பட்டனை அழுத்துவதை நானே பார்த்திருக்கிறேன். இதில் கொடுமை, காசு கட்டுகிறவர் காதில் அந்தப் பாட்டு விழவே விழாது, கூப்பிடுகிறவருக்குத்தான் கேட்கும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த அவர் மகன் போன் போட்டு, "ஏம்மா இந்த வயசுல உனக்கு எதுக்கு டூயட்டு?" என்று கேட்ட பிறகுதான் அவருக்கு விஷயமே தெரியும்.

போஸ்ட்பெய்டுக்காரருக்காவது பில் வரும், வரி வரியாகப் பார்த்துச் சண்டை போடலாம். பிரீபெய்டில் ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கிடையாது. கஸ்டமர் கேரில் ஆளிடம் பேசுவதற்கே சில நெட்வொர்க்கில் மூன்று நிமிடத்துக்கு 50 பைசா பிடித்தார்கள். காணாமல் போன காசைப் பற்றிக் கேட்கவும் காசு. 2011-இல் ஒரு தடவை, 2013 ஜூலையில் இன்னும் கறாராக, தொலைபேசிக் கம்பெனிகளைக் கண்காணிக்கிற டிராய் ஆணையம் உத்தரவு போட்டது. வாடிக்கையாளரிடம் இரண்டாவது முறை தனியாக ஒப்புதல் வாங்காமல் எந்தச் சேவையையும் தொடங்கக் கூடாது என்றார்கள். நிறுத்துவதற்கு எல்லா நெட்வொர்க்குக்கும் பொதுவாக 155223 என்ற இலவச எண். அந்த எண்ணை அட்டையில் எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டேன். கம்பெனி ஏஜென்ட் வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார், ஆனால் கழற்றச் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

திருச்சி, பழைய எஸ்டிடி பூத்:

அண்ணாச்சி, உங்கள் 30 ரூபாய் எல்லாம் எங்கள் காலத்துக் கதைக்கு முன்னால் சில்லறை. 90-களின் நடுவில் பேப்பரில் மூலையில் சின்னதாக விளம்பரம் வரும், "புதிய நண்பர்களுடன் பேச" என்று, பக்கத்தில் ஒரு பெண் படமும் நீளமாக ஒரு எண்ணும். அது ஐஎஸ்டி, அதாவது வெளிநாட்டு எண் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ராத்திரி நேரமாகப் பையன்கள் வருவார்கள். நிமிடத்துக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் ஓடும். கேபினுக்குள் சிவப்பு மீட்டர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே பேசுவான், பேசுவது என்ன, கேட்பான். பேரைச் சொல்லு, வயசைச் சொல்லு, கொஞ்சம் பொறு என்று டேப் ஓடும். அவன் எதிர்பார்த்தது வருவதற்குள் பையில் இருந்தது தீர்ந்திருக்கும்.

வெளிநாட்டு அழைப்புக்கு நம் பக்கத்திலிருந்து அந்த நாட்டு டெலிபோன் கம்பெனிக்கு நிமிடக் கணக்கில் பணம் கொடுக்க வேண்டும் அல்லவா, அதில் ஒரு பங்கைத்தான் அந்த லைன் நடத்துகிறவர்கள் வாங்கிக்கொண்டார்கள். எவ்வளவு இழுக்கிறார்களோ அவ்வளவு லாபம். பூத்திலாவது கையில் இருக்கிற காசோடு நிற்கும். வீட்டு போனில் இரண்டு மாதம் கழித்து பில் வந்த பிறகுதான் அப்பாக்களுக்குத் தெரியும். டயலுக்குப் பூட்டு, போனுக்கு மரப்பெட்டி, அப்புறம் எக்ஸ்சேஞ்சிலேயே ரகசிய எண் போட்டு எஸ்டிடி-யைப் பூட்டும் வசதி, இதெல்லாம் சும்மா வந்ததில்லை.

திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசி:

நள்ளிரவு டிவி போட்டியை யாரும் சொல்லவில்லையே! ஒரு நடிகர் முகத்தின் மேல் பாதியையும் இன்னொருவர் முகத்தின் கீழ்ப் பாதியையும் ஒட்டி வைத்து, "யார் இவர்? உடனே அழையுங்கள், இன்னும் பத்தே விநாடி" என்று ஒரு பெண் கத்திக்கொண்டே இருப்பார். அந்தப் பத்து விநாடி அரை மணி நேரம் ஓடும். குழந்தைக்கும் விடை தெரியும், ஆனால் லைனில் வருகிறவன் எல்லாம் சம்பந்தமே இல்லாத பெயரைச் சொல்வான். அதைக் கேட்டுத்தான் எங்கள் ரூம்மேட்டுக்கு வெறி ஏறியது. "இது கூடத் தெரியாதாடா உங்களுக்கு?" என்று டிவியைத் திட்டிக்கொண்டே டயல் செய்தான். நிமிடத்துக்கு 10 ரூபாய் என்று கீழே எறும்பு சைஸில் ஓடியது. உடனே லைன் கிடைத்தது, மணி அடித்துக் காத்திருக்கவே இல்லை! எடுத்தது பதிவுக் குரல், வரிசையில் இருக்கச் சொன்னது, பாட்டுப் போட்டது. பேலன்ஸ் தீர்ந்ததும் கட். பரிசுப் பணம் எங்கிருந்து வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். என் கணிப்பில் அந்தத் தப்பு விடைகள்தான் நிகழ்ச்சியின் மூலதனம்.

சின்னமனூர் விவசாயி:

எல்லாவற்றையும் திருட்டு என்று ஒரே கூடையில் போடாதீர்கள். 2007-க்குப் பிறகு உரக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோவும் ஏர்டெல்லும் சேர்ந்து கொடுத்த சிம் என்னிடம் இருந்தது. தினமும் மழை, பூச்சி, மார்க்கெட் விலை என்று ஒரு நிமிடக் குரல் செய்திகள் இலவசமாக வரும். சந்தேகம் கேட்கக் கூப்பிட்டால் மட்டும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய். வாழைக்கு மருந்தளவு கேட்டு அந்த ஒரு ரூபாயை நானே மனசாரக் கொடுத்திருக்கிறேன். சரி, அதையும் கொடுக்க வேண்டாம் என்றால் 2004-லிருந்தே அரசின் கிசான் கால் சென்டர் இருக்கிறது, 1800-180-1551, இலவசம்.

குரல் கொடுத்தவள், சென்னை:

மறுபக்கத்திலிருந்து ஒருத்தி வரட்டுமா? கல்லூரி முடித்த புதிதில் ஒரு ராசிபலன் லைனுக்குக் குரல் பதிவு செய்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். அழைப்புக்கு நிமிடம் 6 ரூபாய், எனக்குப் பக்கக் கணக்கில் ஒரு சிறு தொகை. நான் வேகமாகப் பேசுகிறவள். "நிதானமா, இழுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு விட்டுப் படிம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எதற்கு என்று பிறகுதான் உறைத்தது. போனில் பூஜ்ஜியத்தை விட்டால் எண் பட்டன் ஒன்பதுதான், ராசி பன்னிரண்டு. மேஷத்துக்கு ஒன்றை அழுத்தவும் என்று தொடங்கி தனுசு வரை முழுசாகக் கேட்டு, மேலும் அறிய பூஜ்ஜியத்தை அழுத்தி, அப்புறம்தான் மகரம். மீன ராசிக்காரர்களிடம்தான் அதிகம் கறந்திருப்பார்கள்.

எங்கள் பெரியம்மா மீன ராசி. என் குரல் வருகிறது என்ற பெருமையில் தினமும் காலையில் அந்த எண்ணுக்குப் போட்டுக் கேட்டு, பக்கத்து வீட்டாருக்கும் ஸ்பீக்கரில் வைப்பார். "பெரியம்மா, காசு போகுது, நான் நேர்லயே படிச்சுக் காட்டுறேன்" என்றேன். "நீ வீட்ல இவ்ளோ மரியாதையாவா பேசுற?" என்றார்.